தேயிலைக் கொப்புள நோயும் ஊர்ப் பொறுப்பும்

பயிர்த்தொழிலில் நேரும் நஷ்டங்கள் இரு வகைப்படும். ஒருவருடைய வேலி சாய்ந்து மாடு புகுந்தால் நஷ்டம் அவருக்கு மட்டுமே. ஏரிக்கரை உடைந்தால் நஷ்டம் ஊருக்கெல்லாம் பொது. முதலாவதற்கு அவரவரே பரிகாரம் தேடிக்கொள்வதும், இரண்டாவதற்கு ஊர் கூடி மண் சுமப்பதும் நெடுங்கால வழக்கம். நீலகிரி மலைச்சரிவுகளில் மழைக்காலந்தோறும் தேயிலையைப் பீடிக்கும் கொப்புள நோயானது ஏரிக்கரை உடைவதைப் போன்ற பொது நஷ்டமாகும். ஆயினும் அது இன்றளவும் வேலி சாய்ந்த காரியமாகவே பாவிக்கப்பட்டு வருகிறது. ஒருவர் மருந்து தெளிக்கிறார், அடுத்தவர் வாளாவிருக்கிறார், மூன்றாமவருடைய நிலம் கொழுந்து பறிப்பாரின்றிக் கிடக்கிறது. மூவருடைய செடிகளின் மேலும் ஒரே மூடுபனி தவழ்ந்து செல்கிறது. இந்நிலை நீடிக்கும்வரையில் எவ்வளவு உயர்ந்த மருந்தும் பாதிப் பயனையே தரும் என்பதையும், கிராமம் முழுவதையும் ஒரே தோட்டமாகக் கருதி வேலை செய்வதே தக்க வழி என்பதையும் நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் சிந்திக்க வேண்டும்.

நோயின் வரலாறு

தேயிலை இம்மலைநாடுகளில் பரவியதற்கே ஒரு காளான் நோய் துணைக்காரணமாயிற்று. இலங்கையில் காப்பிப் பயிர் ஓங்கியிருந்த காலத்தில், 1869-ஆம் ஆண்டில் இலைத்துரு நோய் அங்கே தோன்றி, சில பத்தாண்டுகளுக்குள் காப்பித் தோட்டங்களைப் பாழாக்கிற்று. காப்பியை இழந்த துரைமார் தேயிலையை நாடினர். இலைத்துரு அண்டாத பயிர் என்று தேயிலை மெச்சப்பட்டது. ஆனால் அதற்கு முன்னரே, 1868-ஆம் ஆண்டில், அஸ்ஸாமில் தேயிலையின் இளந்தளிர்களில் கொப்புளங்கள் காணப்பட்டிருந்தன. அதனை உண்டாக்கும் காளானுக்கு 1898-ஆம் ஆண்டில் மாஸீ என்னும் ஆங்கிலேய நிபுணர் 'எக்ஸோபஸிடியம் வெக்ஸன்ஸ்' என்று பெயரிட்டார். 'வெக்ஸன்ஸ்' என்ற லத்தீன் சொல்லுக்குத் தொல்லை தருவது என்று பொருள். 1908-இல் அது டார்ஜிலிங் மலையை அடைந்தது.

இதற்குப் பின்னும் தென்னாட்டுத் தோட்டங்கள் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் கவலையின்றி இருந்தன. 1946-ஆம் ஆண்டில் அந்நிம்மதி அகன்றது. அவ்வொரே ஆண்டில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நோய் கண்டது. 1949-இல் சுமத்ராவிலும் 1951-இல் ஜாவாவிலும் அது தோன்றிற்று. வடக்கே பல பத்தாண்டுகள் தங்கியிருந்த ஒரு நோய், தனக்கு ஏற்ற குளிர்ச்சியும் ஈரமும் உள்ள மலைகளை அடைந்தவுடன் ஐந்தாறு ஆண்டுகளில் கடல்கடந்து பரவியதை இத்தேதிகள் காட்டும். தன் மலைக்கு வராது என்றிருந்தோர் அனைவரும் ஏமாந்தனர். தன் நிலத்துக்கு வராது என்று இருப்போரும் அவ்வாறே ஏமாறுவர்.

காளானின் இயல்பு

எக்ஸோபஸிடியம் இனத்தைச் சேர்ந்த காளான்கள் பெரும்பாலும் இலைகளை வீங்கச் செய்யும் தன்மையுடையன. தோட்ட அலங்காரத்துக்கு வளர்க்கப்படும் அசேலியா, கமீலியா முதலிய செடிகளில் இவ்வினத்துக் காளான்கள் இலையைத் தடித்த சதைப்பற்றுள்ள கரணைகளாக மாற்றிவிடுவதுண்டு. அவை பார்வைக்கு அருவருப்பாயினும், பறித்தெறிந்தால் செடிக்குப் பெருந்தீங்கு இல்லை. தேயிலையின் நிலையோ வேறு. அலங்காரச் செடியில் இலை கெட்டால் பூ மிஞ்சும். தேயிலையில் இலையே மகசூல். அதிலும் இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகிய இளந்தளிரே விலைபெறும் பாகம். இக்காளான் தாக்குவதும் அவ்விளந்தளிரையே. முற்றிய இலையை அது தீண்டுவதில்லை. ஆகவே நோய்க்கும் உழவனுக்கும் இலக்கு ஒன்றாகிவிடுகிறது.

நோயின் முதற்குறி இளம் இலையில் ஊசிமுனையளவாகத் தோன்றும் வெளிறிய புள்ளி. வெளிச்சத்துக்கு எதிரே இலையைப் பிடித்தால் அப்புள்ளி எண்ணெய் பட்ட காகிதம்போல் ஊடுருவித் தெரியும். பின்னர் அது வட்டமாய் அகன்று, இலையின் மேற்புறம் பளபளப்பான குழியாகவும், அடிப்புறம் புடைத்த கொப்புளமாகவும் ஆகிறது. இலையின் உட்கண்ணறைகள் காளானின் இழைகளால் தூண்டப்பட்டுப் பருப்பதே இவ்வீக்கத்தின் காரணம். சில நாட்களில் அடிப்புறப் புடைப்பு வெண்பட்டுப்போல் மாவு படர்ந்து காணும். அவ்வெண்மாவே காளானின் வித்துத்தூள். பிறகு கொப்புளம் பழுப்பேறி உலர்ந்து போகும். இளந்தண்டில் நோய் கண்டால் தளிர் அவ்விடத்திலேயே வளைந்து ஒடிந்து விழும். இலையில் காணும் நோயைவிட இது கொடியது.

தூள் இலைமேல் விழுந்ததிலிருந்து புதிய தூள் கிளம்பும்வரை, காலநிலையையொட்டி, சுமார் 11 நாட்கள் முதல் 28 நாட்கள் வரை ஆகும். ஒரு கொப்புளத்திலிருந்து கிளம்பும் தூள் அணுக்களோ எண்ணிலடங்கா. ஒரு மழைக்காலத்துக்குள் இக்காளான் பல தலைமுறை கண்டுவிடுகிறது. ஆடி மாதத்தில் ஒரு மூலையில் தென்பட்ட பத்துக் கொப்புளங்கள் ஆவணிக்குள் சரிவு முழுவதையும் வெளுக்கச் செய்வது இவ்வாறே.

இதன் பலவீனங்களையும் அறிதல் அவசியம். இது உயிருள்ள தேயிலையின்மீது மட்டுமே வாழவல்லது. உதிர்ந்த சருகிலோ மண்ணிலோ மட்கிலோ இது பெருகாது. இதற்கு இடைக்காலத்தில் புகலளிக்கும் வேறு செடி எதுவும் அறியப்படவில்லை. வெயிலை இது தாங்காது. காய்ந்த வெயிலில் வித்துத்தூள் விரைவில் மடியும். முளைப்பதற்கு இலைமேல் பல மணி நேரம் ஈரம் நிற்க வேண்டும். கோடையில் நோய் மறைந்ததுபோல் தோன்றும்போது, நிழலடர்ந்து பனி தேங்கும் பள்ளங்களிலுள்ள தேயிலைச் செடிகளில் அது ஒடுங்கி உயிர் தரித்திருக்கிறது. எந்தச் செடிகளில்? வெட்டாமலும் பறிக்காமலும் விடப்பட்ட செடிகளில்தான் அதற்கு நல்ல புகலிடம் கிடைக்கிறது. ஊர்ப் பொறுப்பு என்னும் பேச்சு எழுவது இவ்விடத்திலேயே.

ஆட்சேபங்களும் சமாதானமும்

கொப்புள நோயைப்பற்றிக் கூட்டங்களில் பேசப்படும்போது சிறு விவசாயிகள் எழுப்பும் ஆட்சேபங்கள் நான்கு. அவை யாவும் நியாயமற்றவை என்று தள்ளிவிடுதல் தகாது.

முதலாவது: பசுந்தேயிலையின் விலை தாழ்ந்திருக்கையில் மருந்துக்கும் கூலிக்கும் பணம் ஏது என்பது. விலை தாழ்வு உண்மை. அதனால் வரும் துன்பமும் உண்மை. ஆனால் விலை தாழ்ந்த காலத்தில் முதலில் கைவிடப்படுவது கொழுந்து பறிக்கும் முறையே என்பதைக் கவனிக்க வேண்டும். ஆளுக்குக் கூலி மிச்சமாகட்டும் என்று ஏழெட்டு நாட்களுக்கு ஒருமுறை பறிப்பதை விடுத்து, பதினைந்து இருபது நாட்களுக்கு ஒருமுறை பறிப்பவர் பலர். இதன் பலன் யாது? மேலே கூறிய நாட்கணக்கைப் பார்த்தால் விளங்கும். ஏழெட்டு நாட்களில் பறிக்கப்படும் தளிரில் நோய் பற்றியிருப்பினும், கொப்புளம் பழுத்துத் தூள் கிளம்புமுன் அதில் பெரும்பகுதி கூடைக்குள் வந்துவிடுகிறது. இருபது நாள் நின்ற தளிரோ தூளைச் சரிவெங்கும் தூவிவிட்டுப் பிறகே கூடைக்கு வருகிறது. அதன் எடையும் குறைவு. தொழிற்சாலையில் அதற்கு மதிப்பும் குறைவு. அதிலிருந்து வரும் தூளில் நிறமும் சாரமும் குன்றும். ஆகவே காலத்தில் பறிப்பதே காசு செலவற்ற முதல் மருந்து. கூலி மிச்சம் என்று கருதப்படுவது நோய்க்கு அளிக்கும் தீனியாகவே முடிகிறது.

இரண்டாவது: வெயில் வந்தால் நோய் தானே போய்விடும் என்பது. போவது மெய்யே. எனினும் வெயில் வருமுன் போன மகசூல் திரும்பி வருவதில்லை. அடுத்தடுத்துத் தளிர்களை இழந்த செடி வலுக்குன்றுகிறது. கவ்வாத்து செய்து புதுத்தளிர் விடும் செடிகளில் நோய் கண்டால் அச்செடிகளின் சட்டமே சரிவர அமையாது. அதன் தீமை அடுத்த கவ்வாத்து வரையில் தொடரும். தானே போகும் என்று காத்திருப்பவர் ஒரு மழைக்கால நஷ்டத்தைச் சில ஆண்டு நஷ்டமாகப் பெருக்கிக்கொள்கிறார்.

மூன்றாவது: மருந்து இருக்கிறதே, கூடுதலாக அடித்தால் போதாதா என்பது. தாமிரச் சத்துள்ள மருந்துகள் இந்நோயைத் தடுப்பதில் நீண்டகாலமாகப் பயன்பட்டு வந்துள்ளன. அவற்றின் பயன் மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் தாமிரம் இலையின் மேற்பரப்பில் நின்று வித்துத்தூள் முளைக்காமல் காக்கும் தன்மையதேயன்றி, உள்ளே புகுந்துவிட்ட நோயை மாற்றவல்லதன்று. உள்ளே ஊடுருவி வேலை செய்யும் வேறு மருந்துகளும் உண்டு. எதுவாயினும் அளவு மீறினால் கேடு. தயாரான தேயிலையில் தாமிரம் கிலோ ஒன்றுக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது நம் நாட்டு உணவு விதி. தேயிலை வாரியத்தின் பயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பும் நடைமுறைக்கு வந்துள்ளது; அதில் அனுமதிக்கப்படாத மருந்தைத் தெளித்த இலை தொழிற்சாலைக்கும் விற்பனைக்கும் இடையூறாகும். ஒருவருடைய அளவுமீறிய தெளிப்பினால், அவருடைய இலையோடு ஒரே வாடுதொட்டியில் கலந்த நூறு பேருடைய இலையும் பழுதுபடக்கூடும். மேலும் தாமிரம் அடிக்கடி தெளித்த தோட்டங்களில் சிவப்புச் சிலந்திப்பேன் பெருகுவது பலவிடங்களிலும் கண்ட அனுபவம். ஒரு பூச்சியை வரவேற்று ஒரு காளானை விரட்டுவது இலாபமான வியாபாரமன்று.

நான்காவது ஆட்சேபமே எல்லாவற்றிலும் வலியது: தாம் செய்தும் அயலார் செய்யாவிடில் பயன் என்ன என்பது. இதற்குத் தனியொருவர் சொல்லக்கூடிய சமாதானம் இல்லை. ஒழுங்காகப் பறித்து, ஒழுங்காகத் தெளிப்பவருடைய செடிமீதும் அயல்நிலத் தூள் ஒவ்வொரு இரவும் விழுந்துகொண்டிருந்தால், அவர் மேலும் மேலும் தெளிக்க நேரிடும். செலவும் தாமிர எச்சமும் அவர் தலைமேல் ஏறும். குற்றம் ஒருவரதும் தண்டனை மற்றொருவரதும் ஆகும் இந்நிலையை மாற்ற ஊரால் மட்டுமே இயலும்.

சட்டமா, கட்டுப்பாடா

இத்தகைய சந்தர்ப்பத்தில் சட்டத்தை நினைப்பவர் உண்டு. சென்னை மாகாணத்தில் 1919-ஆம் ஆண்டிலேயே பயிர்ப் பூச்சிகளையும் நோய்களையும் பற்றிய சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. குறித்த பிரதேசத்தில் குறித்த பூச்சியையோ நோயையோ அரசாங்கம் அறிவித்தால், நிலம் வைத்திருப்போர் விதித்த பரிகாரத்தைச் செய்தாக வேண்டும். செய்யாவிடில் அதிகாரிகளே செய்து செலவை வசூலிக்கலாம் என்பது அதன் கருத்து. பருத்திச் செடியை உரிய தேதிக்குள் பிடுங்கிவிட வேண்டும் என்று முற்காலத்தில் கட்டாயப்படுத்தியது அச்சட்டத்தின் துணைகொண்டே. ஒருவருடைய அசட்டையால் அயலார் கெடலாகாது என்னும் நீதி நூறாண்டுகளுக்கு முன்பே ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது என்பதற்கு இது சான்று.

எனினும் தேயிலைக் கொப்புள நோய்க்கு இம்முறை பொருந்துமா என்பது ஆலோசிக்கத்தக்கது. பருத்தியைப் பிடுங்குவது ஆண்டில் ஒருநாள் வேலை. அதைச் செய்தாரா இல்லையா என்பதைச் சாலையில் நின்றே பார்த்துவிடலாம். தேயிலையில் செய்யவேண்டியது வாரந்தோறும் செய்யும் வேலை. வாரந்தோறும் ஒவ்வொரு நிலத்திலும் அதிகாரி நிற்பது நடவாத காரியம். அரை ஏக்கரும் ஓர் ஏக்கருமாக நிலம் பிரிந்து கிடக்கும் ஊரில் அபராதம் விதிப்பது பகையை வளர்க்குமேயன்றி நோயைக் குறைக்காது. ஆகவே சட்டம் கடைசித் துணையாகவே இருக்கட்டும். முதல் துணை ஊர்க்கட்டுப்பாடே. நீலகிரியின் சிற்றூர்களில் பொதுக்காரியங்களை ஊர்ப் பெரியோர் கூடிப் பேசி முடிவுசெய்யும் வழக்கம் இன்றும் அழிந்துவிடவில்லை. 1962-ஆம் ஆண்டு முதல் ஏற்பட்ட கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளும் சிறு விவசாயிகளை ஒரே கூரையின்கீழ்ச் சேர்த்துள்ளன. இலையை ஒன்றாகச் சேர்த்து அரைக்க முடிந்தவர்களால் நோயை ஒன்றாகச் சேர்ந்து தடுக்க முடியாதென்பது ஏற்கத்தக்க வாதமன்று.

செய்யத்தக்கவை

மழைக்கு முன்னரே வேலை தொடங்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், குந்தா ஆகிய மேற்குப் பக்கங்களில் வலுத்துப் பெய்யும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் வடகிழக்குப் பருவமழையே மிகுதி. அந்தந்தப் பக்கத்து மழைக்கு ஒரு மாதம் முன்னதாகச் சில்வர் ஓக் முதலிய நிழல்மரங்களின் கிளைகளைக் கழித்து, காற்றும் வெளிச்சமும் செடிமேல் படும்படி செய்ய வேண்டும். கவ்வாத்து செய்யும் காலத்தையும், புதுத்தளிர் விடும் பருவம் அடைமழையில் சிக்காதவாறு கூடியமட்டும் அமைத்துக்கொள்ள வேண்டும். அது இயலாவிடில் அத்தகைய நிலங்களுக்கே முதற் பாதுகாப்பு அளித்தல் அவசியம்.

தெளிக்கும் நாளை நாட்காட்டி பார்த்து நிச்சயிப்பதைவிட வானத்தைப் பார்த்து நிச்சயிப்பது நன்று. தொடர்ந்து 5 நாட்களில் வெயில் காயும் நேரம் சராசரி நாளொன்றுக்குச் சுமார் 4 மணிக்குக் குறையுமானால் நோய் பரவும் காலம் வந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்பது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நடந்த ஆராய்ச்சிகளின் சாரம். வெயில் மிகுந்த வாரத்தில் தெளிப்பது வீண் செலவு. மூடுபனி தொடர்ந்த வாரத்தில் தெளிக்காதது வீண் நஷ்டம். வெயில் காய்ந்த நேரத்தைக் குறித்துவைக்க விலையுயர்ந்த கருவியும் வேண்டா. ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ கூட்டுறவுச் சங்கக் கட்டடத்திலோ பொறுப்புள்ள ஒருவர் நாள்தோறும் கணக்கு எழுதி வந்தால், ஐந்து நாட் கணக்கு தானே கிடைக்கும். அக்கணக்கைப் பலரும் பார்க்கும் பலகையில் எழுதிவைத்து, கணக்கு தாழ்ந்தவுடன் ஊருக்கெல்லாம் ஒரே தெளிப்பு வாரம் அறிவிக்கலாம்.

தெளிப்பு எப்பொழுதும் கொழுந்து பறித்த மறுநாள் நடக்க வேண்டும். அப்பொழுதுதான் மருந்துக்கும் அடுத்த பறிப்புக்கும் இடையே விதித்த நாட்கள் கழியும், எச்சமும் குறையும். மருந்தின் பெயர், அளவு, இடைக்காலம் ஆகியவற்றைத் தேயிலை வாரியத்தின் பட்டியலையும் உபாசி ஆராய்ச்சி நிலையத்தாரின் ஆலோசனையையும் ஒட்டியே தீர்மானிக்க வேண்டும். கடைக்காரர் வாய்மொழி அதற்கு ஈடாகாது. தெளிப்பான்களை ஒவ்வொருவரும் வாங்குவதைவிடச் சங்கம் சில வாங்கி முறைவைத்து வழங்குவது சிக்கனம்.

கடைசியாக, பறிப்பாரற்ற நிலங்கள். இவற்றுள் பெரும்பாலானவை ஊரைவிட்டுப் பிழைக்கச் சென்றவர்களுடையவை. சில பாகப்பிரிவினை வழக்கில் சிக்கியவை. சில முதியோர் கையில் இருப்பவை. இவர்களை வைவதால் பயனில்லை. கிராம அதிகாரிகள் செய்யக்கூடிய பேருதவி இங்கேதான் உளது. எந்தச் சர்வே எண் யாருடைய பட்டாவில் இருக்கிறது, அவர் எந்த ஊரில் வசிக்கிறார் என்பது அவர்கள் அறிந்த விஷயம். மழைக்கு முன் அத்தகைய நிலங்களின் ஜாபிதா ஒன்று தயாரித்து, உடையவருக்கு எழுதி, அவர் சம்மதத்தின்பேரில் அயலாரோ மகளிர் குழுவினரோ வாரத்துக்குப் பறித்துக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். நிலம் உடையவருக்குக் கிடைக்கும் பங்கு சொற்பமாயினும், செடி கெடாமல் நிற்கும். நிலத்தின் மதிப்பு குறையாது. பறிக்கவே ஆளில்லையெனில் மழைக்கு முன் ஒருமுறை மட்டம் வெட்டிவிடுவதற்காவது சம்மதம் பெறலாம். கிராமத்துக்கு இத்தகைய நிலம் பத்து இருக்குமானால், அப்பத்தையும் கவனிப்பது மற்றவர் அனைவரும் இன்னொருமுறை மருந்து தெளிப்பதைவிடப் பயன் மிக்கது.

இக்காளான் வேறெந்தச் செடியிலும் வாழாது, சருகில் வாழாது, மண்ணில் வாழாது என்பது முன்னரே கூறப்பட்டது. அஃதாவது, ஒரு மழைக்காலத்தில் சரிவின்மேல் கிளம்பும் தூளில் பெரும்பகுதி அவ்வூராருடைய தேயிலைச் செடிகளிலிருந்தே கிளம்புகிறது. அதனைக் குறைக்கும் வல்லமையும் அவ்வூராரிடமே உள்ளது. விலை ஏறுவதும் இறங்குவதும் அவர்கள் கையில் இல்லை. மழை பெய்வதும் பனி இறங்குவதும் அவர்கள் கையில் இல்லை. ஏழு நாட்களுக்கு ஒருமுறை பறிப்பதும், ஒரே வாரத்தில் தெளிப்பதும், அயலூர் சென்றவருக்கு ஒரு கடிதம் எழுதுவதும் அவர்கள் கையில் உள்ளவை. வரும் மழைக்குமுன் ஊர்கூடி இம்மூன்றையும் தீர்மானிக்கும் கிராமம் தன் கொழுந்தைக் காத்துக்கொள்ளும்.